பேய்மிரட்டித் தலையணை

மூச்சுக்குத் திணறும் ஒரு பிள்ளையின் தாடையை, அது திணறுகிறது என்று தெரிந்த பிறகும் ஒருவர் விடாமல் பிடித்திருப்பாரா? அல்லது தெரியாமல்தான் பிடித்திருந்தாரா? இந்தக் கேள்விக்கு எனக்கு இன்னும் பதில் தெரியாது. கேட்க வேண்டிய ஆள் உயிரோடுதான் இருக்கிறார். பதுளையில் காலையில் பஸ் ஏறினால் பகல் சாப்பாட்டுக்கு முன் அவர் வீட்டு வாசலில் இறங்கலாம். ஆனாலும் நான் போய்க் கேட்கவில்லை.

அவர் என் அப்பாவின் தம்பி மனைவி, எனக்குச் சித்தி. பெயரை எழுதப் போவதில்லை. எங்கள் தேயிலைத் தோட்டத்துக்காரர் யாராவது இதைப் படித்தால் பெயர் இல்லாமலே கண்டுபிடித்துவிடுவார்கள். அவர் விரல்களைப் பற்றிச் சொன்னாலே போதும்.

கொழுந்து எடுக்கும் எல்லாப் பெண்களுக்கும் பெருவிரலும் சுட்டுவிரலும் கறுத்துத்தான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை துணி துவைத்த பிறகு மற்றவர்களுக்குக் கொஞ்சம் வெளுக்கும். சித்தியின் விரல்கள் வெளுத்து நான் பார்த்ததேயில்லை. நடக்கிற வழியில் எந்தச் செடி இருந்தாலும் கை போகும். ஓர் இலையைக் கிள்ளுவார், இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து நசுக்குவார், தான் முகர்வதற்கு முன் பக்கத்தில் இருப்பவரின் மூக்கில் கொண்டுவந்து வைப்பார். கேட்க மாட்டார். முகத்தைத் திருப்பினால் இன்னொரு கை பிடரியில் வந்து உட்காரும்.

"மூக்கக் காட்டுடி. என்ன வாசம், சொல்லு."

"நல்லா இருக்கு சித்தி."

"நல்லா இருக்காம். சோத்து மூக்கு. கருவாடு பொரிச்சா மட்டும் தெரியும் ஒனக்கு."

என் கன்னத்தைக் கிள்ளினால் அன்று முழுக்க என் முகத்தில் ஏதோ ஓர் இலையின் வாசம் இருக்கும். சவர்க்காரம் போட்டாலும் லேசில் போகாது. பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் இருக்கும் பிள்ளை, "என்னடி, ஒன்மேல தைலம் அடிக்குது" என்று தள்ளி உட்காருவாள். கிள்ளினது அன்பால் என்று அம்மா சொல்வார். இருக்கலாம். வலித்தது என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

ஒரு கல்யாண வீடு நினைவில் இருக்கிறது. பெண்ணை மணவறையில் உட்கார வைத்திருந்தார்கள். ஆசீர்வாதம் செய்யப் போன சித்தி, அவள் கழுத்து மாலையிலிருந்து ஒரு மரிக்கொழுந்தைப் பிடுங்கினார். எல்லோரும் பார்க்க நசுக்கி முகர்ந்தார்.

"ரெண்டு நாள் பழசு. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வெலை கொறைச்சு வாங்கிட்டாங்க."

பெண்ணின் கண் நிறைந்துவிட்டது. அவளுடைய தாய் சிரிக்கிற மாதிரி வாயை வைத்துக்கொண்டு, "விடு மதினி, வாசத்தையா கட்டிக்கப் போறா" என்றார். சித்தி விடவில்லை. அந்த மரிக்கொழுந்தைப் பந்தல் முழுக்கக் கொண்டுபோய் ஒவ்வொரு மூக்கிலும் காட்டிவிட்டு வந்தார். அவர் சொன்னது உண்மையாக இருந்திருக்கலாம். உண்மையைக் கண்டுபிடித்துவிட்டால் அதற்கு மேல் யோசிக்க எதுவும் இல்லை என்று நினைக்கிறவர் அவர்.

தோட்டத்தில் அவருக்குப் பெரிய மரியாதை இருந்தது. அதையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் இது வெறும் வசையாகிவிடும். எங்கள் தொழிற்சாலையில் சில மாதங்களில் தேயிலை மொட்டை மட்டும் தனியாகக் கிள்ளச் சொல்வார்கள். விரியாத ஒற்றை மொட்டு, மேலே வெள்ளை வெள்ளையாக மென்முடி. காய்ந்தால் வெள்ளிபோல மினுங்கும். அந்த முடிதான் விலை. கையில் அழுத்திப் பிடித்தால் முடி உதிர்ந்துவிடும், அப்புறம் அது வெறும் தேயிலை. இந்த வேலைக்கு எல்லோரையும் அனுப்ப மாட்டார்கள். காலைப் பெரட்டில் வரிசையாக நிறுத்தி ஆட்களைப் பிரிக்கும்போது கங்காணி முதலில் சித்தியைத்தான் கூப்பிடுவார். மொட்டைக் கிள்ளி மேலுதட்டில் ஒரு தரம் தடவிப் பார்ப்பார் சித்தி. உதட்டுக்குப் பஞ்சு மாதிரிப் பட்டால் கூடைக்குப் போகும். வழுவழுவென்று இருந்தால் கீழே போகும்.

"முடிதான்டி சரக்கு. வெள்ளக்காரன் அதத்தான் குடிக்கிறான். முடிய உதுத்தவ கைய முறிக்கணும்."

எல்லாவற்றையும் கசக்குகிற அந்த விரல்கள் தேயிலை மொட்டை மட்டும் கசக்காது. அதை அவ்வளவு பூப்போல எடுக்கும். எங்களுக்கு ஏன் அந்தக் கை கிடைக்கவில்லை என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன்.

தேயிலை மலைக்கு மேலே பத்தனை என்கிற புல்வெளி இருந்தது. இடுப்பளவு மானாப் புல், நடுவில் நெல்லியும் கடுக்காயும் தான்றியும் ஒன்றையொன்று தொடாமல் தள்ளித் தள்ளி நிற்கும். ஆடிக் காற்றில் மழை இல்லாமல் புல் வைக்கோல் நிறத்துக்கு வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமைகளில் சித்தி அங்கே மருந்துக்கு இலை பறிக்கப் போவார். சாக்குப் பிடிக்க நான். உச்சி வெயிலில் அந்தப் புல்காட்டில் நின்றால் யாரும் எதையும் கசக்க வேண்டாம். வெயில் ஏற ஏற வாசம் தானாக எழும்பி வரும். மானாப் புல்லின் எலுமிச்சை வாசம், அதற்கு அடியில் கற்பூரம் போல ஒன்று, அதற்கும் அடியில் சூடான மண். என் சின்ன வயதில் எனக்குப் பிடித்த ஓர் இடம் என்றால் அதுதான். கண்ணை மூடிக்கொண்டு நிற்பேன்.

"என்னடி சாமி வந்துருச்சா?" என்பார் சித்தி. "சும்மா வர்ற வாசம் ஊருக்கெல்லாம் வரும். கசக்கி எடுத்தாத்தான் நமக்கு." சொல்லிக்கொண்டே என் மூக்கில் கொண்டுவந்து தேய்ப்பார். அவ்வளவுதான், மற்ற எல்லா வாசமும் போய்விடும்.

அவர் அங்கே தேடியது பேய்மிரட்டி. தடித்த இலை, மேலும் கீழும் வெள்ளைக் கம்பளி போர்த்தியது போலச் சுணை. காய்ச்சல், சளி, வயிற்றுவலி, பிள்ளை திடுக்கிட்டு அழுவது, எல்லாவற்றுக்கும் எங்கள் லயத்து வீடுகளில் அதுதான் மருந்து. அம்மாவும் அதைப் பயன்படுத்துவார். ஆனால் அம்மா ஓடைப் பக்கத்தில் நிழலில் வளர்ந்த இலையை எடுத்து வருவார், சுணை குறைவாக இருக்கும். சித்திக்கு அதைக் கண்டாலே சிரிப்பு.

"என்னக்கா, மொட்டத்தலைய பறிச்சிட்டு வந்திருக்கீங்க. தண்ணி குடிச்சுக் கொழுத்த எலையில என்ன இருக்கு? வெயில்ல காஞ்சு, முடி வச்சு நிக்குது பாருங்க, அதுலதான் மருந்து."

வெயிலில் நின்ற இலைக்கு வாசம் அதிகம் என்பது சரிதான். இலையைத் தேர்ந்தெடுக்கும்போதும் தேயிலை மொட்டுக்குச் செய்கிற மாதிரியே மேலுதட்டில் தடவிப் பார்ப்பார். எவ்வளவு முடியோ அவ்வளவு மருந்து. தேயிலையில் படித்ததை அப்படியே பத்தனைக்குக் கொண்டுபோய்விட்டார். தேயிலை தவிர வேறெதையும் தெரியாத இடத்தில் வளர்ந்த யாருக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும், அதற்காக நான் அவரைக் குறை சொல்லவில்லை. பாதையோரத்து இலையை மட்டும் தொட மாட்டார். ஒரு முறை பக்கத்துக் காம்பிரா வீட்டுப் பெண் ரோட்டோரத்தில் பறித்த பேய்மிரட்டியைக் கொண்டுவந்தபோது, அதை அவள் முன்னாலேயே சாக்கடைக் காணில் வீசினார். "பஸ் பொகைய குடிச்ச எலைய புள்ளைக்குக் குடுப்பியா? நீயெல்லாம் பெத்தவளா?" அந்தப் பெண் அதன்பிறகு எங்கள் பக்கம் தண்ணீர் எடுக்கவும் வரவில்லை.

என் தம்பிக்கு அப்போது ஐந்து வயது. குளிர் மாதங்களில் அவனுக்கு இழுப்பு வரும். நெஞ்சு விசில் அடிக்கும், விலா எலும்பு உள்ளே போய் வரும். டிஸ்பென்சரியில் மருந்து கொடுப்பார்கள், குறையும், மறுபடி வரும். ஒரு நாள் பின்னேரம் அப்படி இழுத்துக்கொண்டிருந்தபோது சித்தி வந்தார். அப்பாவும் சித்தப்பாவும் வெளியே கொந்தரப்புக் கூலி வேலைக்குப் போயிருந்தார்கள். அம்மா அடுப்படியில் பேய்மிரட்டி அவித்துக்கொண்டிருந்தார். சித்தி சட்டியை எட்டிப் பார்த்து, அதைத் தூக்கி வெளியே ஊற்றினார். தன் சாக்கிலிருந்து இலை எடுத்தார். பத்தனை உச்சியில் பறித்தது, சுணை பஞ்சுபோல நின்றது. அதைக் கசக்கிக் கோப்பையில் போட்டு, தேயிலைக்குச் சாயம் இறக்குவது போலக் கொதிநீர் ஊற்றி மூடி வைத்தார்.

அம்மா ஒரு வெள்ளை வேட்டிக் கிழிசலை எடுத்து மடித்தார்.

"எதுக்கு?"

"வடிக்கத்தான். சுணை தொண்டையில குத்தும். மூணு மடிப்பு சீலையில வடிக்கணும்னு எங்கம்மா சொல்லுவாங்க."

"ஒங்கம்மா சொல்லுவாங்க." சித்தி அந்தத் துணியை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டார். "கொழுந்து முடிய யாராச்சும் வடிச்சுக் கொட்டுவாங்களா? அதுதானே சரக்கு. தேத்தண்ணி வடிய எடுங்க, போதும்."

தேநீர் வடிகட்டியில் இலைத் துண்டுகள் நின்றன. மற்றதெல்லாம் கோப்பைக்குள் போயிற்று. தம்பியை மடியில் மல்லாத்தி, இடது கையால் தாடையைப் பிடித்து, வலது கையால் ஊற்றினார்.

முதல் மடக்குக்கே அவன் இருமினான். சாதாரண இருமல் இல்லை, தொண்டைக்குள் எதையோ கழற்றி எறியப் பார்க்கிற இருமல். கையையும் காலையும் உதறினான். சித்தி விடவில்லை. "குடி, குடி, உள்ள போகட்டும்." அம்மா, "விடு, அவனுக்கு முடியல" என்றார். சித்தி தலையை நிமிர்த்தவேயில்லை. இன்னொரு மடக்கு ஊற்றினார். தம்பியின் உதட்டு நிறம் மாறியதை நான் பார்த்தேன். சித்தியின் முகம் அவன் முகத்துக்கு என்னைவிடப் பக்கத்தில் இருந்தது. அவருக்குத் தெரியாமல் போயிருக்குமா? என்னால் அந்த இடத்தைத்தான் தாண்ட முடியவில்லை. கோப்பை காலியான பிறகுதான் கையை எடுத்தார். அதுவும் அவராக எடுத்தாரா, அம்மா பிடுங்கினாரா என்பதில் எனக்கும் அம்மாவுக்கும் ஞாபகம் ஒத்துப்போவதில்லை.

தோட்டத்து லொறியில் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். தம்பி பிழைத்தான். அவனைத் தூக்கிக்கொண்டு ஓடும்போது நான் திரும்பிப் பார்த்தேன். சித்தி எங்கள் காம்பிராவின் இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து, கீழே சிந்திய இலைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தார். அந்த வெள்ளைத் துணி இன்னும் தோளில் கிடந்தது.

தம்பி வீட்டுக்கு வந்த அன்று பார்க்க வந்தார். "பாதிய துப்பிட்டான், அதான் கேக்கல" என்றார். அம்மா தேநீர் கொடுத்தார். சித்தி குடித்தார். எங்கள் வீட்டில் அத்துடன் அந்தப் பேச்சு முடிந்துபோனது. என் தம்பி இப்போது கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறான். இழுப்பு போய்விட்டது. ஆனால் சலூனில்கூட யாரையும் தன் தாடையைத் தொட விட மாட்டான். சவரம் வீட்டில்தான்.

சில வருடங்களில் சித்தப்பாவுக்கு மொனராகலைப் பக்கம் கரும்புக் காணியில் காவல் வேலை கிடைத்து அவர்கள் போய்விட்டார்கள். நான் நிம்மதியாக மூச்சு விட்டேன் என்று எழுதத் தோன்றுகிறது. தம்பியை நினைத்தால் அந்த வார்த்தை சரியாக இல்லை.

உயர்தரத்தில் உயிரியல் படித்தபோது ஆய்வுகூடத்தில் ஓர் இலையைப் பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்தார்கள். அது வேறு செடி, பேய்மிரட்டி இல்லை. அதன் மேல் இரண்டு விதமான முடிகள் இருந்தன. சில முடிகளின் நுனியில் சின்ன உருண்டைத் தலை. அதற்குள்தான் வாசனை எண்ணெய் இருக்கிறது, தொட்டால் உடைந்து வெளியே வரும். மற்றவை வெறும் ஊசிகள். அவற்றில் எண்ணெயும் இல்லை, வாசமும் இல்லை. வெயிலைத் தடுக்கவும் மாடு மேயாமல் இருக்கவும் செடி வைத்திருப்பவை. கண்ணுக்கு வெள்ளைக் கம்பளியாகத் தெரிவது பெரும்பாலும் இந்த ஊசிகள்தான். தலையுள்ள முடி அவ்வளவு சிறியது, இவற்றுக்குள் ஒளிந்து நிற்கிறது. பக்கத்துப் பிள்ளை கண்ணாடிக்காகக் காத்துக்கொண்டு நிற்க, நான் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். பேய்மிரட்டியிலும் இப்படித்தான் என்றால், சித்தி உதட்டில் தடவித் தடவித் தேர்ந்தெடுத்தது மருந்தை அல்ல, ஊசியை. அதைத்தான் வடிக்காமல் ஊற்றியிருக்கிறார். அதுவரை எனக்கு அவர்மேல் பயம் இருந்தது. அன்றைக்கு அது கோபமாக மாறியது. அந்தக் கோபம் இன்னும் குறையவில்லை, குறைய வேண்டும் என்று நான் முயற்சி செய்ததுமில்லை.

இப்போது இதை எழுதக் காரணம் என் மகள். மூன்று வயது. பதுளை டவுனில் வாடகை வீட்டில் இருக்கிறோம். கணவர் தபால் கந்தோரில் வேலை. மழை மாதம் தொடங்கியதும் மகளின் நெஞ்சிலிருந்து அதே விசில் சத்தம் வந்தது. உடனே டொக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். அவர் வாயில் வைத்து அடிக்கிற மூச்சு மருந்து பம்ப் கொடுத்தார். வாசனை எண்ணெய், தைலம், கற்பூரம், சாம்பிராணி எதுவும் பிள்ளைக்குப் பக்கத்தில் வேண்டாம் என்று தெளிவாகச் சொன்னார். வீட்டிலிருந்த தைலக் குப்பிகளை அன்றே எறிந்துவிட்டேன். சாமி படத்துக்கு முன்னால் விளக்கு மட்டும்தான். இது சாமிக்குக் குறையாகுமோ என்று இரண்டு நாள் யோசித்தேன்.

எங்களோடு இருக்கும் அம்மா வழியாகச் செய்தி மொனராகலைக்குப் போயிருக்கிறது. ஒரு வாரத்தில் பஸ் கண்டக்டர் கையில் ஒரு பொதி வந்தது. பஸ் ஸ்டாண்டில் என் கணவர் வாங்கி வந்தார். பிரித்தால், குழந்தைத் தலையணை. உள்ளே இலை சலசலத்தது.

"சித்தி அனுப்பிச்சது" என்றார் அம்மா, ஏதோ கோயில் பிரசாதம் வந்தது போல. "அங்கிட்டுப் பேய்மிரட்டி காடா கெடக்குதாம். ராவும் பகலும் ஒக்காந்து தச்சிருக்கா."

"பிள்ளை பக்கத்துல இது வரக்கூடாதும்மா."

"தூக்கிப் போட்டுடாதடி. என்ன இருந்தாலும் ஒனக்குச் சித்தி."

நான் தூக்கிப் போடவில்லை. இரண்டு பொலித்தீன் பைக்குள் போட்டு முடிச்சுப் போட்டு அலுமாரி மேல் வைத்தேன். எனக்கு இதுதான் வரும், எதையும் முழுதாகச் செய்ய மாட்டேன். சித்தி அடிக்கடி அம்மாவுக்குப் போனில் கோல் எடுத்து, "புள்ள அதுல படுக்குதா?" என்று கேட்பாராம். அம்மா, "ஆமா, ஆமா, நல்லாத் தூங்குறா" என்பாராம். என் வீட்டில், என் பிள்ளையைப் பற்றி, எனக்காக ஒரு பொய்.

ஒரு மத்தியானம் நான் கடைக்குப் போய்த் திரும்பி வந்தபோது வீடு அமைதியாக இருந்தது. மகள் பாயில் தூங்கிக்கொண்டிருந்தாள், தலைக்குக் கீழே அந்தத் தலையணை. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மா செஞ்சிருக்கீங்க?"

"சத்தம் போடாத. பாரு, எவ்வளவு நல்லாத் தூங்குறா."

பையைப் போட்டுவிட்டு மகளின் நெஞ்சில் காதை வைத்தேன். விசில் இல்லை. அவ்வளவு அமைதியாக அவள் தூங்கிப் பல நாளாகியிருந்தது. காலையில் பம்ப் கொடுத்ததனாலா, அன்று மழை இல்லாததனாலா, எனக்குத் தெரியவில்லை. இதனால் இல்லை என்று மட்டும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தலையணையை உருவி எடுத்து, முன்னறைக்குக் கொண்டுபோய், பிளேடால் தையலைக் கிழித்தேன்.

கிழிப்பது லேசாக இல்லை. ஊசி போன வழியே தெரியாத நெருக்கமான தையல். மேலே பூப்போட்ட துணி. அதற்குள் பழைய வெள்ளை வேட்டித் துணி, ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று மடிப்பு. அதற்குள் இலை. ஓர் இலையை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். பேய்மிரட்டிதான், ஆனால் அதில் சுணை இல்லை. மேலும் இல்லை, கீழும் இல்லை. பச்சையாக இருந்தபோதே துணியால் அழுத்தித் துடைத்த கோடுகள் காய்ந்த இலையில் தெரிந்தன. இன்னொன்றை எடுத்தேன், அதுவும் அப்படியே. கொட்டிப் பார்த்தேன். ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் துடைத்திருந்தார். முடிக்கு உள்ளே இருந்த வாசமும் அதோடு போயிருக்கிறது. மூக்கருகில் பிடித்தால் மட்டும் லேசாக ஏதோ வருகிறது. மருந்து என்று பார்த்தால் பாதிக்கு மேல் போய்விட்டது.

முடிதான் சரக்கு என்றவர் செய்த தலையணை.

அம்மா பின்னால் வந்து நின்றார். மூன்று மடிப்பையும் விரலால் பிரித்துப் பார்த்தார். அவர் கண் கலங்கியது.

"பாத்தியா, அன்னைக்கு நான் சொன்னது அவ காதுல விழுந்திருக்கு."

அம்மா அதை ஓர் ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கு அது வேறு மாதிரிக் கேட்டது. அப்படியென்றால் அது அன்றைக்கே விழுந்திருக்கிறது. சுணை குத்தும் என்று காதில் வாங்கிக்கொண்டுதான் துணியைத் தோளில் போட்டிருக்கிறார். அல்லது எத்தனையோ வருடம் கழித்து, மொனராகலை வெயிலில் தனியாக உட்கார்ந்திருக்கும்போது, அந்த வார்த்தை மெதுவாக வந்து சேர்ந்ததா? இரண்டில் எது என்று தலையணையைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

அன்று பின்னேரமே அம்மாவின் போன் அடித்தது. நான் எடுத்தேன்.

"யாரு, நீயா? புள்ள படுக்குதா அதுல?"

"சித்தி, இலையெல்லாம் தொடச்சிருக்கீங்களா?"

அந்தப் பக்கம் எங்கேயோ சேவல் கூவியது.

"எந்த எலைய?"

"தலையணை இலைய. ஒரு முடிகூட இல்ல."

"தூசிடி அது. ரோட்டோரத்து எலை. அதான் தொடச்சேன்."

ரோட்டோரத்து இலையை ஒரு பெண்ணின் முகத்துக்கு முன்னால் காணில் வீசியவர் இதைச் சொன்னார். அவருக்குப் பொய் சொல்லத் தெரியும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. அடுத்து அவர் கேட்டார், "புள்ளைக்கு மூச்சு நல்லா வருதா?"

என் வாழ்நாளில் அவர் என்னிடம் கேட்ட கேள்வி, "என்ன வாசம்" என்பது ஒன்றுதான். அதற்கும் பதில் அவரிடமே இருக்கும். இந்தக் கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை, என் பதிலுக்குக் காத்திருந்தார்.

"நல்லா வருது" என்றேன். சொல்லியிருக்கக் கூடாதோ என்று அப்போதே தோன்றியது.

"தைப்பொங்கலுக்கு வாரேன். புள்ளைய ஒருக்கா தூக்கிப் பாத்துட்டுப் போறேன்." வரட்டுமா என்று கேட்கவில்லை. அந்த அளவுக்கு இன்னும் மாறவில்லை.

அம்மா பொங்கலுக்கு இப்போதே அரிசி பார்க்கத் தொடங்கிவிட்டார். என் கணவர், "வயசானவங்க, வந்துட்டுப் போகட்டும், நீ பக்கத்துலயே நில்லு" என்கிறார். தம்பிக்குச் சொன்னேன். "வரச் சொல்லுக்கா. நான் அந்தப் பொங்கலுக்கு வரல" என்றான். தலையணை கிழிந்தபடியே மறுபடி அலுமாரி மேல் இருக்கிறது. அதை எறியவும் முடியவில்லை, தைக்கவும் முடியவில்லை.

இதைப் படிக்கிறவர்களில் பிள்ளை வளர்த்தவர்கள் இருப்பீர்கள். இப்படிப்பட்ட ஓர் உறவை வாசலில் நிறுத்தியவர்களும் உள்ளே விட்டவர்களும் இருப்பீர்கள். பொங்கலன்று அவர் வந்து கையை நீட்டுவார். என் மகள் யார் கை நீட்டினாலும் தாவிப் போகிற பிள்ளை. கொடுக்கலாமா? கொடுத்தால், அந்த விரல்கள் கன்னத்துக்கு வரும்போது, பெரியவர் மனம் நோகாமல், பிள்ளையை எப்படித் திருப்பி வாங்குவது? அதற்கு முன் என் கேள்வியைக் கேட்டுவிட வேண்டுமா, கேட்டால் அவர் இன்னொரு பொய்தான் சொல்வாரா? எனக்கு மார்கழி முடியும்வரைதான் நேரம் இருக்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.